அரைக்கால் பங்கு

பொன்னுதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் தோணிகளில் ஏறும் மூட்டைகளைக் கோடு கிழித்து எண்ணுகிற கிளார்க் அவர். 1974 ஏப்ரல் கடைசியில் ரிட்டையர்மெண்ட், பி.எஃப். பணம் இருபத்திரண்டாயிரம் கைக்கு வரும். அதை அப்படியே கூட்டாளி ஹென்றி கட்டுகிற புதுத் தோணியில் அரைப்பங்காகப் போட்டுவிடுவதென்று முடிவு. முப்பத்திரண்டு வருசம் அடுத்தவன் தோணிக்குக் கணக்கெழுதியவர் இனி முதலாளி. கண்ணாடி முன் நின்று முதலாளி மாதிரி செருமிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

மனைவி தேவகனி ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து அவர் முன் நீட்டினாள்.

"பென்சனும் கிடையாது. சாகுற வரைக்கும் நமக்கு அந்தப் பணந்தான் சோறு. சர்க்கார் சேமிப்பு, யூனிட்டுன்னு ஒண்ணு இருக்காம், பேங்க்ல பாரம் வாங்கியாந்திருக்கேன். நம்ம கோயில் அசன விருந்து மாதிரிதான், எல்லாரும் அரிசி போட்டு ஒரே அண்டாவுல பொங்குதோம்லா. அதே மாதிரி எல்லார் பணத்தையும் ஒண்ணாச் சேத்து, பல கம்பெனியில பிரிச்சுப் போடுவாவளாம்."

முதலாளிக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று வெங்காய வியாபாரி ஆறுமுகநயினாரின் சரக்கு கொழும்புக்கு ஏறியது. அறுநூறு மூட்டை, நாலு தோணி.

"ஒரே தோணியில ஏத்தினா செலவு மிச்சமாகுமே அண்ணாச்சி?" பொழுது போகாமல்தான் கேட்டார் பொன்னுதுரை.

"காத்து எந்தத் தோணியைக் கவுக்கும்னு எனக்கென்ன தெரியும்? ஒண்ணு போனாலும் மூணு கரை சேரும்லா. வீட்டுல உலை கொதிக்கும்."

பென்சில் நின்றுவிட்டது. இத்தனை வருசமும் இந்த மனுஷன் பெயரை, தோணிக்கு ஒன்றாக, நாலு நாலு சீட்டில் எழுதியவர் இவர்தான். ஏனென்று ஒருநாள் கேட்டதில்லை, மகா புத்திசாலி. வெட்கம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு, தேவகனி சொன்னதும் இதுதானே என்று பொங்கி வந்த சந்தோஷத்தில், சாப்பாட்டு மணி அடித்ததும் தோணி கட்டும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"வே ஹென்றி, எனக்கு அரைப்பங்கு வேண்டாம். அரைக்கால் பங்கு, எட்டுல ஒண்ணு போதும்."

ஹென்றியின் முகம் செத்துப்போனது. "மிச்சத்தை என்ன செய்யப்போறீரு?"

மூச்சு வாங்கச் சொன்னார் பொன்னுதுரை. கொஞ்சம் போஸ்ட் ஆபீஸ், பெரும்பங்கு யூனிட். நாலு தோணி, அறுநூறு மூட்டை, அசனம், தேவகனி வாங்கி வந்த பாரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

ஹென்றி திரும்பி, கட்டிமுடியாத தன் தோணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டை அடகு வச்சு, பொஞ்சாதி நகையை வித்து, எல்லாத்தையும் இந்த ஒண்ணுலதான் போட்டிருக்கேன் வே," என்றார். "என் பங்குலயும் பாதியை யாருக்காவது வித்துத் தாரும். அந்த யூனிட் பாரம் எனக்கும் ஒண்ணு வேணும்."