சிவப்பு நூல் கட்டிய ஊக்கு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ‘செல்வி சூறாவளி’ தொடரில் ஒரு பகுதியைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இணையத்தில் அதற்குக் கீழே போட்டுக்கொண்ட சண்டையைத்தான் படித்தேன். படித்தேன் என்பதைவிடக் காது கொடுத்தேன் என்பது பொருத்தம். “வில்லன் சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு வாளித் துணி அலசிக் காயப்போட்டுட்டு வந்துட்டேன்” என்று ஒருவர். “சிரிச்சாத்தான் அவர் வில்லன். சிரிக்கலேன்னா எங்க மேனேஜர்” என்று இன்னொருவர். இவர்களுக்கு நடுவே ஒருத்தி நாற்பது வரி எழுதியிருந்தாள். நாற்பதும், மூன்றாம் பகுதியில் கதாநாயகியின் இடது தோளில் தெரிந்த ஓர் ஊக்கைப் பற்றி. ஊக்கில் சிவப்பு நூல் கட்டியிருந்ததாம். அம்மா சாகும்போது கட்டிவிட்ட நூலாம். செல்வியின் சக்தி முழுக்க அதில்தான் இருக்கிறதாம். அவிழ்த்தால் ஊரே பறக்குமாம். அடித்துச் சொல்லியிருந்தாள்.

படித்து முடித்ததும் எனக்கு எழுந்தது ஒரே கேள்வி. சரி, அந்த நூலை உண்மையில் கட்டினவள் யார்? அவளுக்கு இதெல்லாம் தெரியுமா?

(தொடரைப் பார்க்காதவர்களுக்கு: செல்வி பகலில் பல் டாக்டரிடம் டோக்கன் கூப்பிடுகிற வேலை பார்ப்பவள். கோபம் வந்தால் காற்று கிளம்பும். ஊதா உடையும் மஞ்சள் முதுகுத்துணியுமாகப் பறப்பாள். எதிரி டாக்டர் தூசி. உலகத்தையே தூசியால் மூடுவது அவர் திட்டம். இரண்டாம் பகுதியில் அவரைத் தும்மவைத்தே தோற்கடித்தாள். எல்லாம் அட்டை, எல்லாம் பெயின்ட். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், அப்புறம் பார்த்தால் மூக்கை உறிஞ்சுகிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: “ஊசி குத்திக் குத்திப் பொத்தலான அவள் விரல்கள் வானத்து விண்மீன்களைப் போல—”

வேண்டாம். எழுதி முடிப்பதற்குள் அவளே குறுக்கே பேசிவிட்டாள்.

“ஏம்மா, பதினோரு வருஷமா தைக்கிறவ எதுக்கு விரல்ல குத்திக்கறா? அப்படிக் குத்திக்கறவளை யார் வேலைக்கு வச்சுப்பாங்க?”

இரண்டாம் தொடக்கம், அவள் சம்மதத்தோடு: படப்பிடிப்புத் தளத்தின் பின்பக்கம் நீளமான ஓர் அறை. இரண்டு தையல் மெஷின், ஒரு நீராவி இஸ்திரி, சுவரோடு சுவராக ஒரு கம்பி நிறைய மாட்டிய உடைகள். அங்கே வேலை பார்ப்பவளை எல்லோரும் டெய்லரக்கா என்பார்கள். தன்னைவிட மூத்தவர்களும் அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, காட்டிக்கொள்ள மாட்டாள்.

பறக்கிற உடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடிகை உள்ளே இடுப்பையும் தோளையும் சுற்றி ஒரு பட்டை கட்டியிருப்பாள். பட்டையிலிருக்கும் கொக்கிகள் உடையில் விட்ட திறப்புகள் வழியே வெளியே வந்து கயிற்றோடு சேரும். கொக்கி மாட்டாத நேரத்தில் திறப்பு வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அதை மூட ஓர் ஊக்கு. ஊக்கு குத்தியிருந்தால் உள்ளே கொக்கி மாட்டவில்லை என்று அர்த்தம். தூரத்தில் நின்று கயிறு இழுப்பவர்களுக்கு ஊக்கு கண்ணில் படாது. அதனால் டெய்லரக்கா ஒவ்வோர் ஊக்கிலும் ஒரு சாண் சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிடுவாள். சிவப்பு தெரிந்தால் கயிற்று மாஸ்டர் கயிற்றைத் தொடமாட்டார். யார் கத்தினாலும் தொடமாட்டார். எழுதிவைத்த சட்டம் இல்லை. அவர்கள் இருவரும் வாயால் பேசி வைத்துக்கொண்டது. அடுத்த தளத்துக்காரர்கள்கூட இப்போது அப்படித்தான் செய்கிறார்கள்.

3

அந்த நூல் எப்படிப் படத்தில் விழுந்தது?

மூன்றாம் பகுதியில் செல்வி மொட்டைமாடி விளிம்பில் நின்று அழ வேண்டும். பறக்கிற வேலை இல்லை. ஒத்திகைதானே என்று டெய்லரக்கா திறப்பை ஊக்கால் மூடினாள், நூலைக் கட்டினாள். நடிகை ஒத்திகையில் அழுத அழுகை அப்படி வந்துவிட்டது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இனி இதுபோல வராது என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். ஒத்திகை படமாகிவிட்டது, யாரும் டெய்லரக்காவிடம் சொல்லவில்லை.

* இது யார் தவறு என்று கேட்பீர்கள். எழுதுகிற எனக்கே பதில் இல்லை. டெய்லரக்கா மட்டும் “என் ஊக்கு, என் தப்பு” என்று முடித்துவிட்டாள். அவள் தொழிலில் படத்தில் ஊக்கு தெரிவதைவிட மானக்கேடு கிடையாது.

4

வீட்டில் அவளுக்கு ஒரு நாத்தனார். தபால் அலுவலகத்தில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வி சூறாவளி வரும்போது வீடு இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அண்ணி டிவி கம்பெனியில் தைக்கிறாள் என்பது தெரியும். எந்தத் தொடருக்கு என்று தெரியாது. வெளியே சொல்லக்கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். டெய்லரக்கா கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

ஊக்குப் படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நாத்தனார் போனை நீட்டிப் பெருமையாகக் காட்டினாள். முதன்முதலில் அதைக் கண்டுபிடித்துப் படமெடுத்துப் போட்டவளே அவள்தானாம். நாற்பது வரியும் அவளுடையதுதானாம். இதுவரை இருபதாயிரம் பேர் படித்திருக்கிறார்களாம். ஆட்கள் தோளில் ஊக்குக் குத்தி, சிவப்பு நூல் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறார்களாம்.

டெய்லரக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தன் முடிச்சு தனக்குத் தெரியாதா?

“இது எங்கம்மா கட்டின நூலும் இல்ல, அவங்கம்மா கட்டின நூலும் இல்ல. நான் கட்டினது” என்றாள், போட்ட கையெழுத்தையும் மறந்து.

நாத்தனாருக்கு விளங்கவே சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் சுருங்கவில்லை, மலர்ந்தது. “அண்ணி! அப்ப அந்த அம்மா நீங்கதானா?”

“அந்த அம்மா செத்துப்போனவன்னு எழுதியிருக்கே.”

“அதை மாத்திடறேன்.”

(இந்த இடத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். டெய்லரக்கா துணி மடிக்கப் போய்விட்டாள்.)

5

அடுத்த வாரம் டைரக்டர் கூப்பிட்டுவிட்டார்.

ரசிகர்கள் கேட்கிறார்கள். கடைசிப் பகுதியில் செல்வி எல்லாவற்றையும்விட உயரமாகப் பறக்கிறாள். அப்போது தோளில் அந்த ஊக்கு, சிவப்பு நூல் காற்றில் ஆட வேண்டும். நாற்பது வரி எழுதிய ரசிகையைத் திங்கட்கிழமை தளத்துக்கு அழைத்திருக்கிறார்கள், கேமராவோடு. அந்த ரசிகை யார் வீட்டு மாடியில் இருக்கிறாள் என்பது டைரக்டருக்குத் தெரியாது. டெய்லரக்காவும் சொல்லவில்லை.

“நூலோட தூக்கக் கூடாதுங்க.”

“சும்மா அலங்காரம்தானே டெய்லரக்கா. உள்ளே கொக்கி மாட்டியிருப்போம். நானே பார்த்துச் சொல்றேன்.”

“அன்னிக்கு மாட்டியிருப்பீங்க.”

“வேற கலருக்கு நீங்க மாறிக்கங்களேன். பச்சை வச்சுக்கங்க.”

அவள் பொறுமையாகவே விளக்கினாள். இரண்டு தளத்திலும் சேர்த்துக் கயிறு பிடிப்பவர்கள் எட்டுப் பேர். எட்டு ஜோடிக் கண்ணும் சிவப்பைத்தான் தேடும். சிவப்பு இருந்தும் தூக்கலாம் என்று ஒரு தடவை கை பழகிவிட்டால், இன்னொரு நாள் உண்மையாகவே கொக்கி மாட்டாதபோதும் தூக்கிவிடும். கைக்கு வித்தியாசம் தெரியாது.

டைரக்டர் கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.) கேட்டார், தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: திங்கட்கிழமை நூலோடு உடை வேண்டும், முடியாதென்றால் அவள் வர வேண்டியதில்லை, வேறு ஆளை வைத்துத் தைத்துக்கொள்வார், அடுத்த வருடத் தொடருக்கும் அந்த ஆளே இருந்துவிடட்டும்.

நடிகையும் வந்து கெஞ்சினாள். எனக்காகக் கட்டிவிடுங்கள் அக்கா, ரசிகர்கள் அதை எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் தெரியுமா என்று. யார் எலும்பு முறியக் கூடாதென்று டெய்லரக்கா முட்டிக்கொண்டிருந்தாளோ, அந்த எலும்புக்காரியே எதிர்க்கட்சியில் நின்றாள்.

6

இங்கே எனக்கு டெய்லரக்காமேல் சந்தேகம் வந்தது.

ஒரு நூலுக்காகப் பதினோரு வருட வேலையை விடுவாளா ஒருத்தி? வாசகர் நம்ப வேண்டாமா? அதனால் அவளுக்கு ஒரு பழைய காயம் செய்து கொடுத்தேன்: [பல வருடங்களுக்கு முன், இன்னொரு தளத்தில், கொக்கி மாட்டாமல் தூக்கப்பட்ட ஒரு நடிகன். கீழே விழுந்த சத்தம். அன்றிலிருந்து அவள் காதில் அந்தச் சத்தம்—]

“அப்படி ஒண்ணும் நடக்கலைம்மா” என்றாள்.

கதைக்கு வேணும், என்றேன்.

“நடக்கல. பதினோரு வருஷமா ஒருத்தர் விழல. நடக்காம இருக்கத்தானே நூலு. யாராவது விழுந்தாத்தான் நான் சொல்றதை நம்புவீங்கன்னா, அப்ப உங்களுக்கும் அந்த டைரக்டருக்கும் என்ன வித்தியாசம்?”

சதுர அடைப்புக்குள் இருப்பதைக் கிழித்தெறிந்திருக்கலாம். விட்டுவைத்திருக்கிறேன். எவ்வளவு சுலபமாக ஒரு மனுஷனைக் கீழே தள்ளப் பார்த்தேன் என்பது தெரிய வேண்டும்.

நான் விடாமல் கேட்டேன்: பிடிவாதமா இது, இல்லை மானமா? படத்தில் ஊக்கு தெரிந்த அவமானத்துக்குப் பழி வாங்குகிறாயா? அவள் கோபப்படவில்லை. அதுவும் கொஞ்சம் இருக்கும் என்றாள். இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் நூலின் அர்த்தம் மாறிவிடுமா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் நாத்தனாரிடமும் சொன்னாள். கொக்கி, திறப்பு, எட்டு ஜோடிக் கண், எல்லாம். தளத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. எழுதியதை அழி என்றும் சொல்லவில்லை. நாத்தனார் அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரே தன் பேச்சைக் கேட்கிறது என்றாள். தபால் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டாம்பு கேட்பதைத் தவிர யாரும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

7

முடிவுகள்.

ஒன்று: நாத்தனார் அன்று சாயங்காலமே நாற்பத்தோராவது வரியை எழுதுகிறாள், இருபதாயிரம் பேரும் மனம் மாறுகிறார்கள், டைரக்டர் மன்னிப்புக் கேட்கிறார். இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது. இருபதாயிரம் பேர் எந்தக் காலத்தில் ஒரே சாயங்காலத்தில் மனம் மாறியிருக்கிறார்கள்?

இரண்டு: நூலோடு தூக்குகிறார்கள், கொக்கி கழல்கிறது, டெய்லரக்கா சொன்னது சரியென்று நிரூபணமாகிறது. எழுதமாட்டேன். யாரையும் விழவைக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மூன்று: அவள் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்னத் தையல் கடை வைத்து நிம்மதியாக— இல்லை. அவள் எங்கும் போகிற எண்ணத்தில் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தாள். வாசலில் காவல்காரர் கொஞ்சம் தயங்கினார், பிறகு உள்ளே விட்டார். யாரோ புது ஆள் தைத்த உடையில் நடிகை தளத்தின் நடுவே நின்றாள். இடது தோளில் பளபளவென்று பெரிய ஊக்கு, கேமராவுக்குத் தெரிய வேண்டுமென்று இரண்டு சாண் சிவப்பு நூல். காற்று மெஷின் ஓடியது, நூல் அழகாகத்தான் ஆடியது. அதையும் சொல்ல வேண்டுமில்லையா? அழகாகவே இருந்தது.

ஓரத்தில் நாற்காலி போட்டு நாத்தனாரை உட்காரவைத்திருந்தார்கள். அவள் தோளிலும் ஒன்று.

டெய்லரக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. நேராகப் போய்க் கயிற்று மாஸ்டர் பக்கத்தில் நின்றாள். டைரக்டர் “தூக்குங்க” என்றார். மாஸ்டர் கயிற்றைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க மாஸ்டர்” என்றாள். “அந்தப் பொண்ணு தோளைப் பாருங்க.”

மாஸ்டர் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார். அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே கொக்கி மாட்டியிருக்கிறது, நானே பார்த்தேன் என்றார் டைரக்டர். இருக்கும்ங்க, என்றார் மாஸ்டர், அவ்வளவுதான் சொன்னார். காற்று மெஷினை நிறுத்தினார்கள். டைரக்டருக்கு வேறு வழி தெரியவில்லை. ஓரத்தில் இருந்த நாற்காலியின் பக்கம் திரும்பினார். ஓடிக்கொண்டிருந்த கேமராவும் கூடவே திரும்பியது.

“மேடம், நீங்கதான் இதைக் கண்டுபிடிச்சவங்க. ரசிகர்கள் சார்பா நீங்களே சொல்லிடுங்க. நூல் இருக்கணுமா, வேண்டாமா? நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க.”

நாத்தனார் எழுந்து நின்றாள். இத்தனை பேர், இத்தனை அமைதி, எல்லோரும் அவள் வாயையே பார்க்கிறார்கள். அண்ணி மட்டும் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பதுபோல் ஆகிவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் இதுவரைக்கும்தான் வருவேன். தையல்காரி தன் பங்கைச் செய்துவிட்டாள், மாஸ்டரும் செய்துவிட்டார். மிச்சம் இருப்பது, ஒன்றை நாற்பது வரி எழுதும் அளவுக்கு நேசித்தவர்கள் சொல்ல வேண்டிய பதில். அதை நான் இட்டுக்கட்டினால் போலியாகிவிடும். அப்படி எதையாவது நேசித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். நாத்தனாரின் இடத்தில் போய் நில்லுங்கள், உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்.

அவசரமில்லை. நீங்கள் சொல்லும்வரை அங்கே யாரும் கயிற்றைத் தொடப்போவதில்லை.