அறுபத்தைந்து சதவிகிதத்தில் நின்ற முகூர்த்தம்

பத்மஜாவின் கல்யாணம் சர்வர் அறையில் நடந்தது. எந்த மண்டபத்திலும் இவ்வளவு நல்ல ஏசி இல்லை என்று அப்பாதான் பேசி முடித்திருந்தார்.

சர்வரில் பிரிண்ட் வசதி என்கிற மென்பொருள் ஏறி முடிந்தால்தான் தாலி கட்டலாம். சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்மஜா கூறைப்புடவை மடியில் கீபோர்டை வைத்துத் தட்டினாள். பச்சைக் கோடு அறுபத்தைந்து சதவிகிதம் வரை ஓடி நின்றது. 'ஏற்ற முடியவில்லை' என்றது திரை.

"ரீஸ்டார்ட் பண்ணும்மா," என்றார் சாஸ்திரிகள்.

பண்ணினாள். கல்யாணமும் முதலிலிருந்து ஆரம்பித்தது. எல்லோரும் வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார்கள். மறுபடி இட்லி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை முகுந்தன் குடையும் விசிறியுமாக மறுபடி காசியாத்திரை கிளம்பினான். அப்பா பின்னாலேயே ஓடி, "சன்னியாசமெல்லாம் வேண்டாம் மாப்ளே, என் பொண்ணைத் தரேன்," என்று அழைத்து வந்தார்.

முதல் தடவை வாசலோடு திரும்பியவன், இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தான்.

மறுபடி அறுபத்தைந்து. மறுபடி ரீஸ்டார்ட். முகுந்தன் காட்பாடியில் கிடைத்தான்.

"வேணும்னே போறேளா?" பத்மஜா அவன் காதோரம் கேட்டாள்.

"கால் தானா போறது பத்மா. அடுத்த தடவை உங்கப்பாவால பிடிக்க முடியுமான்னு தெரியலை."

இவனுக்காக வீட்டில் இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். எழுந்து வெளியே போனாள்.

வராண்டா போன வாரத்தைவிட நீண்டிருந்தது. அதன் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் பிரிண்ட் வசதி உட்கார்ந்திருந்தது. சில்க் ஜிப்பா. முகம் உர்ரென்று இருந்தது.

"ஏன் மாமா உள்ளே வரலை?"

"யார் கூப்ட்டா?"

"கார்டு அனுப்பினோமே!"

"வாட்ஸப்ல. அதுவும் குரூப்ல. ஆத்துக்கு வந்து வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சேளா? பட்டனைத் தட்டினா ஓடி வரணுமாக்கும்!"

"அறுபத்தஞ்சு வரைக்கும் வந்தேளே?"

"அது காபிக்கு."

பத்மஜா ஓடிப்போய் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். பிரிண்ட் வசதி எழுந்து பக்கத்து அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. ஆத்துக்கு வந்து அழைப்பதென்றால் அவள் கதவைத் தட்ட வேண்டுமே. தட்டினாள்.

"அடடே, யாரு!" என்று கதவைத் திறந்தது.

"குடும்பத்தோட வந்து நடத்திக் கொடுக்கணும் மாமா."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

மச்சினர்கள், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள், கைக்குழந்தைகள் எல்லோரோடும் வந்தது. பச்சைக் கோடு நூறைத் தொட்டது. கெட்டிமேளம் முழங்கியது. முகுந்தன் தாலியை எடுத்தான்.

திரை சொன்னது: 'வசதி ஏறிவிட்டது. செயல்பட, ரீஸ்டார்ட் ஆகிறது.'

மேளம் நின்றது. அறை இருண்டது. முகுந்தன் தாலியைத் தட்டில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே என்னால ஓட முடியாதுடி."

பத்மஜா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முகுந்தன் கையைப் பிடித்தாள். "மெதுவா நடங்கோ. நானும் வரேன்."

"காசியாத்திரைக்குப் பொண்டாட்டியோட போற வழக்கம் இல்லையேம்மா!" சாஸ்திரிகள் பதறினார்.

"இன்னும் பொண்டாட்டி ஆகலையே மாமா."

விஜயவாடாவில் ரயில் நின்றது. இருவரும் ஒரு பொட்டலம் புளியோதரை வாங்கிப் பிரித்தார்கள். அப்பா போன் செய்தார்.

"இலை போட்டாச்சு. எங்கே இருக்கேள்?"

"பக்கத்துலதான்ப்பா," என்றாள் பத்மஜா.