மதியச் சாப்பாட்டுப் படிவம்

இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்காகக் கூட்டத்துக்கு வருவதில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் பேசுவதைத் தானே படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மேடையில் ஒரு கடிகாரம் வேறு. இரண்டு நிமிடத்தில் என் முட்டிவலியைக்கூட முழுதாகச் சொல்லி முடியாது. இவர்கள் அதற்குள் நாட்டின் முந்நூறு வருஷக் கணக்கையும் தீர்த்துவிட்டு, கைதட்டு வாங்கிக்கொண்டு, அடுத்தவன் பேசும்போது தன் படத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

போன ஜூன் மாதம் அப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். என் பேத்தி ஸக்கியாவுக்காகப் போனேன். அவள் படிக்கிற நடுநிலைப் பள்ளியின் அரங்கில்தான் கூட்டம்.

எங்கள் நகரத்தில் அரசாங்கம் நடத்துகிற சில உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். எட்டாம் வகுப்பில், ஒரு நாள், மூன்று மணி நேரம். மற்றபடி பிள்ளை நல்லதா கெட்டதா, வாத்தியார் என்ன சொல்கிறார், எதுவும் கணக்கில் வராது. மார்க்கை மேலிருந்து கீழே அடுக்கி, இடம் தீர்ந்த இடத்தில் கோடு போட்டுவிடுவார்கள். ஸக்கியா ஆசைப்பட்ட பள்ளியில் இந்த வருஷம் எண்ணூறு பேரை எடுத்தார்கள். அதில் கறுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். பாதிக்கு மேல் சீனப் பிள்ளைகள். அதனால் சண்டை. எங்கள் கறுப்பு ஆட்கள் பரீட்சையையே தூக்கு என்கிறார்கள். சீனர்கள் அதில் கை வைக்காதே என்கிறார்கள்.

சீனர் என்றால் யாரோ எவரோ இல்லை. எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடி குவோக்கும்தான். முப்பது வருஷம் ஹோட்டல் அடுப்படியில் வெந்தவர். கோடையில் நாங்கள் இருவரும் கோனி தீவில் கடலுக்குள் நீளும் பாலத்தில் தூண்டில் போடுவோம். அவர் பேரன் இரண்டு வருஷம் முன்பு அந்தப் பள்ளியில் சேர்ந்தான். அவன் படித்து முடித்த பரீட்சைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு ஸக்கியாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும் குவோக்தான். அன்றைக்கு அதே குவோக், "பரீட்சையைக் காப்பாற்று" என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அரங்கின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் இடது பக்கம்.

உள்ளே போகும்போது வாசலில் மறித்தார்.

"என்னய்யா கேட்ஸ்டன், நீயும் என் பேரன் சீட்டப் புடுங்க வந்துட்டியா?"

"உன் பேரன் சீட்டு அவனுக்குத்தான் சரியா இருக்கும். எனக்கு எதுக்கு? உங்க ஆளுங்களுக்குத் தெருவுக்கு நாலு பயிற்சி வகுப்பு இருக்கு. எங்க பேட்டையில என்ன இருக்கு சொல்லு."

"உங்க பேட்டையா? யோவ், நீயும் நானும் ஒரே லிஃப்ட்லதான்யா மாட்டிக்கிறோம்."

போய் உட்கார்ந்தேன்.

ஸக்கியாவுக்கு நாலு மார்க்கில் இடம் போய்விட்டது. நாலே நாலு. இரண்டு வருஷம் சமையலறை மேசையில் அந்தப் பெட்டிப் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பதிமூன்று வயதுப் பெண், தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டால்கூட ஜன்னலை எட்டிப் பார்க்காமல் மூடுவாள். ஆனால் நாலு மார்க் என்றதும் என் மகள் ரெனெட்டா கலங்கவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஜூலையில் ஐந்து வாரம் வகுப்பு நடத்தி, ஒழுங்காக வந்தால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். நாலு மார்க் அதற்குள் தாராளமாக அடங்கும். ரெனெட்டா முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றுகிற வேலை செய்கிறாள். குடியிருப்பது நகராட்சிக் குடியிருப்பு. எங்களைவிட ஏழையைத் தேடிப்பிடிக்க வேண்டும் என்றால் பஸ் ஏறித்தான் போகவேண்டும். ஆகவே கடிதம் வரும் என்று காத்திருந்தோம். ஏப்ரல் போனது, மே போனது, கடிதம் வரவில்லை.

அதைத்தான் அன்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். எங்கள் தேவாலயத்துப் பெட்வே அம்மாள்தான் இடது பக்கத்துக்குத் தலைவி. மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, முதல் ஆளாக ரெனெட்டாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

ரெனெட்டா வேலை உடுப்போடு வந்திருந்தாள். காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணு நாலு மார்க்ல நின்னுட்டா. கோடை வகுப்புக்குக்கூட கூப்புடல. ஏன்னு கேட்டா, அவ ஏழைன்னு கம்ப்யூட்டர்ல இல்லயாம். நாங்க ஏழை இல்லயாம். என் மேனேஜர்கிட்ட யாராவது இதச் சொல்லுங்க, சம்பளத்தையாவது அதுக்குத் தகுந்தாப்புல குடுக்கட்டும்."

இரண்டு பக்கமும் சிரித்தது. வலது பக்கம்கூட.

மேடை ஓரத்தில் மிஸ் வேகா உட்கார்ந்திருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கு மனுப் போடலாம் என்று வழி சொல்கிற டீச்சர். சின்ன வயசு. எழுந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அம்மா, கோடை வகுப்புப் பட்டியல் மதியச் சாப்பாட்டுப் படிவத்த வச்சுத்தான் போடறாங்க. வருஷா வருஷம் செப்டம்பர்ல வீட்டுக்கு அனுப்பறோமே, வீட்ல யார் யார் இருக்காங்க, என்ன வருமானம்னு. அந்தப் படிவம் ஸக்கியா வீட்லேர்ந்து ஒரு வருஷம்கூட திரும்பி வரல."

நான் ரெனெட்டாவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"வரலயா? எங்கப்பா மூணு வருஷமும் பூர்த்தி பண்ணிக் குடுத்தனுப்பினாரு. நான் டபுள் ஷிஃப்ட்ல இருப்பேன், அவருதான் பாத்துக்குவாரு. நீங்க தொலச்சிட்டு வரலங்கறீங்க," என்றாள் ரெனெட்டா.

அவ்வளவுதான். இடது பக்கம் கொதித்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் காகிதம் மட்டும் எப்படித் தொலைகிறது என்று பெட்வே அம்மாள் கேட்டாள். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பு என்று பின்னாலிருந்து ஒருவன். போன்களெல்லாம் மிஸ் வேகா பக்கம் திரும்பின. அவள், "ஞாபகக் கடிதம்கூட அனுப்பினேன், மூணு வாட்டி" என்றாள். அது யார் காதிலும் விழவில்லை. கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

ஞாபகக் கடிதமும் வந்தது. அதையும் நான்தான் வாங்கினேன்.

இதை எழுதிவிடுகிறேன். என் மனைவி போன பிறகு, ஆறு வருஷம் முன்பு மகள் வீட்டுக்கு வந்தேன். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லை. இன்றைக்குச் சேர்க்கலாம் நாளைக்குச் சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம். எங்கள் கட்டடத்தில் பெயர் சேர்க்காத ஆள் இல்லாத மாடி கிடையாது. ஆனால் மூன்றாம் மாடி ஹாஸ்கின்ஸ் வீட்டில் அப்படி ஒரு மருமகனை வைத்திருந்ததற்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அதே மாதத்தில்தான் ஸக்கியா ஆறாம் வகுப்பில் சேர்ந்து அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டில் வசிக்கும் எல்லோர் பெயரும் எழுதவும் என்று முதல் வரியிலேயே இருந்தது. சாப்பாடுதான் நகரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் இலவசமாகிவிட்டதே, பிறகு எதற்குப் பள்ளிக்காரனுக்கு என் பெயர்? தெற்கே, எங்கள் பழைய ஊரில், என் அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் போட்டார். நிலத்தை அளக்க மட்டும்தான் என்றார்கள். அளந்தவர்களே வேலியும் போட்டுக்கொண்டார்கள். படிவத்தை நாலாக மடித்து, மாடியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளுகிற குழாயில் போட்டேன். அடுத்த வருஷமும் போட்டேன். அதற்கடுத்த வருஷமும் போட்டேன்.

தாத்தா அனுப்பிட்டியா என்று ஸக்கியா கேட்பாள். ஆச்சு என்பேன்.

சோற்றுக் காகிதம், அதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். சம்பந்தம் இருக்கிறது என்று எவனாவது அதில் எழுதியிருந்தால்? எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மைக் இருக்கிற இடம் வரை நடந்தேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பையன் கையை நீட்டி மறித்தான்.

"பேசணும்னா பேர் எழுதிக் குடுத்திருக்கணும் ஐயா."

"பேர் எழுதிக் குடுக்காததப் பத்தித்தாம்பா பேசணும். விடு."

ரெனெட்டா தள்ளி நின்று மைக்கைக் கொடுத்தாள். நான் அவள் பக்கம் பேசப்போகிறேன் என்று நினைத்தாள், பாவம்.

"அந்த டீச்சர் மேல தப்பு இல்ல. படிவம் வந்துச்சு. மூணு வருஷமும் நான்தான் குப்பையில போட்டேன். நான் அந்த வீட்ல இருக்கறது காகிதத்துல இல்ல. எழுதினா வீட்டக் காலி பண்ணிடுவாங்கன்னு பயந்துட்டேன். எம் மகளுக்குத் தெரியாது. கத்தறதா இருந்தா என்னப் பாத்துக் கத்துங்க."

வலது பக்கம் ஒரு அம்மாள் எழுந்து, பார்த்தீர்களா, பரீட்சையில் தப்பே இல்லை, வீட்டில்தான் தப்பு என்றாள். அவர்கள் கைதட்டினார்கள். உடனே பெட்வே அம்மாள் மைக்கைப் பிடுங்கி, ஒரு கிழவரைப் பெயர் எழுதப் பயப்படவைத்த ஊர் இது, இதைத்தானே நாங்கள் சொல்கிறோம் என்றாள். இவர்களும் கைதட்டினார்கள். ஒரே பேச்சுக்கு இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கியவன் அன்று நான் ஒருவன்தான். என் பேத்தியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்து வெளியே போய்விட்டிருந்தாள்.

தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் திரும்பாமலே சொன்னாள்:

"ஒவ்வொரு வருஷமும் கேட்டேன் தாத்தா. ஆச்சுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"நாலு மார்க்குக்காக என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். அந்த ஜியாமெட்ரி கணக்கு ரெண்டையும் தினம் போட்டுப் பாத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுரங்க ரயில் பாதையில் இருபத்தொன்பது வருஷம் மேஸ்திரிகளிடம் திட்டு வாங்கியவன். இவள் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒம் மேல எந்தத் தப்பும் இல்லடி கண்ணு" என்றேன். "அது இப்ப தெரியுது," என்றாள்.

ரெனெட்டா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் குவோக், அட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"நல்லாப் பேசினய்யா. எங்காளுங்க கைதட்டுனாங்க."

"உங்காளுங்க, எங்காளுங்க ரெண்டு பேரும் தட்டிட்டீங்க. பொண்ணுக்கு சீட்டு யாரு தருவா?"

குவோக் ஸக்கியாவைப் பார்த்து, "நானும் ஒரு பேர எழுதல கண்ணு, தெரியுமா? எங்க வீட்ல மச்சான் ஒருத்தன் ஒப்பந்தத்துல இல்ல. ஆனா படிவத்துல அவன விட்டுட்டு மத்தவங்கள எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

விட்டுவிட்டு எழுதலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் எழுதப் பயந்து படிவத்தையே எழுதாமல் இருந்துவிட்டேன்.

மிஸ் வேகா கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். எனக்கு நன்றி சொன்னாள். அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்தக் கோடைப் பட்டியல் மூடியாகிவிட்டது, அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு தடவை பரீட்சை எழுதலாம், இடம் ரொம்பக் குறைவு. எதற்கும் படிவத்தை இப்போதே கொடுத்துவைத்தால் புதுப் பள்ளிக்கு அனுப்பிவிடுவேன் என்றாள்.

"இது உங்க குடியிருப்பு ஆபீசுக்குப் போகாது ஐயா. பாருங்க, கீழயே அச்சடிச்சிருக்கு."

"அச்சடிச்சவரு எந்தக் கட்டடத்துல குடியிருக்காரு?"

"அப்பா, போதும்," என்றாள் ரெனெட்டா.

காகிதத்தை ஜன்னல் திண்டில் வைத்து எழுத ஆரம்பித்தாள். தன் பெயர். ஸக்கியா பெயர். மூன்றாம் வரிக்கு வந்ததும் பேனா நின்றது. குவோக் சொன்னது அவளுக்கும் கேட்டுத்தான் இருந்தது. விட்டுவிடலாமா என்று கேட்கவில்லை. எழுதட்டுமா என்றும் கேட்கவில்லை. காத்திருந்தாள். ஸக்கியா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

மைக்கில் சொல்லியாகிவிட்டது. ஐம்பது போனில் ஏறிவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது. அது மட்டும் இல்லை. இந்தப் பிள்ளைக்கு மறுபடியும் அரைகுறைக் காகிதம் போகக்கூடாது. "எழுது" என்றேன்.

லூஷியஸ் கேட்ஸ்டன், தகப்பன், வயது எழுபத்தாறு. எழுதினாள். என் பெயரை அவள் எழுத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மிஸ் வேகா அதை வாங்கி ஓர் உறையில் வைத்து, பத்திரமாக இருக்கும் என்றாள். உள்ளே கூட்டம் இன்னும் முடியவில்லை. யாரோ ஒருவன் பரீட்சை போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று கத்திக்கொண்டிருந்தான். இன்னொருத்தி பரீட்சை இருந்தால்தான் நியாயம் என்று அவனுக்கு மேல் கத்தினாள். உள்ளே வந்து உட்காருங்கள், ஓட்டு எடுக்கப்போகிறார்கள் என்று கடிகாரப் பையன் ஓடிவந்து கூப்பிட்டான்.

நான் போகவில்லை. பரீட்சையை எடுத்தால் வேறொரு காகிதம் வரும். வைத்தால் இந்தக் காகிதம் இருக்கும். பத்திரமாக இருக்கும் என்று அந்தப் பெண் மனசறிந்துதான் சொன்னாள், அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறை அவள் கையிலேயே இருக்கப்போவதில்லை, யார் யார் மேசைக்கோ போகும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.