சூடு ஆறாத சீட்டு

ஏரி வற்றிய வருடம் சேற்றிலிருந்து தூக்கிய மோட்டார் சைக்கிளின் முன் சீட்டு சூடாக இருந்தது. தோலெல்லாம் மக்கிப்போய் ஸ்பிரிங்கும் தகரமும்தான் மிச்சம். ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு மனிதச் சூடு. தொட்டவர்கள் வெயிலின் வேலை என்றார்கள். அன்று வெயிலே இல்லை. எடை போட்டு வாங்கிய பழைய இரும்புக்காரர் மறுநாளே அதை மெக்கானிக்கின் தலையில் கட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

மெக்கானிக் மறுக்காமல் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்காவின் கணவர் இதே மாதிரி ஒரு வண்டியில்தான் போனார். வண்டி ஓடும்போதே இஞ்சின் விக்கல் எடுத்ததுபோல் ஒரு துடிப்பு விட்டுத் துடிக்கும். அந்தச் சத்தத்தைச் சரி பண்ணிவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வரவேயில்லை. மெக்கானிக் அப்போது பள்ளிக்கூடம் போகிற பையன். அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றதால், பிற்பாடு தம்பி தன் மனைவியோடு அங்கேயே குடிவந்து பின்பக்கம் பட்டறை போட்டார். வாசல் கேட்டுக்குத் தாழ் போட மட்டும் அக்கா விடவில்லை. தெருநாய்கள் வந்து படுத்தன, ஆடுகள் வந்து செடியை மேய்ந்தன, ஒருமுறை திருடன் ஒருவன் சாவகாசமாக வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். தம்பி எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்தார். "தாழ் போட்டா மனுஷன் எப்படிடா உள்ள வருவாரு?" என்பதற்கு மேல் அவளிடம் பேச்சு கிடையாது. அழுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் தயாராக வைத்திருந்தாள். அந்தக் காத்திருப்புக்கு ஏதாவது ஒரு முடிவு சொல்லிவிட வேண்டும் என்பதுதான் தம்பியின் ஆசை.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நம் ஸ்பேனர் எதற்கும் மசியாத நட்டுகள். இங்கிலாந்து வண்டி என்பதில் சந்தேகமில்லை. இஞ்சின் நம்பரைத் துரு தின்றிருந்தது. மெக்கானிக் அந்த இடத்தைத் தேய்த்து மெருகேற்றி, பஞ்சில் ஆசிட் தொட்டு வைத்தார். அழிந்த எண்கள் தோலுக்கடியில் நரம்பு தெரிவதுபோல் மெல்ல எழுந்து வந்தன. வந்து என்ன பயன்? ஒத்துப்பார்க்க வேண்டிய மாமாவின் வண்டிக் காகிதங்கள் அவரோடேயே போய்விட்டன. அந்தக் காலத்தில் ஊரில் வண்டி வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் இதே மாதிரியைத்தான் ஓட்டினார்கள். அக்காவின் காது ஒன்றுதான் சாட்சி. வண்டி ஓடினால்தான் அந்தச் சாட்சி பேசும்.

எனவே இஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன், வால்வு ஸ்பிரிங், செயின், வயர் எல்லாம் புதிது. சீட்டுக்கும் புதுத் தோல் போட்டார், அதுவும் சூடாகிவிட்டது. குளிர் வந்தால் அடுப்படியை விட்டு நகராத வீட்டுப் பூனை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "என்னங்க, சீட்டு அமுங்கின மாதிரி இல்ல?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார். அமுங்கித்தான் இருந்தது. ஸ்பிரிங் இளகிவிட்டது என்று சொல்லி, மேற்கொண்டு அவளைப் பட்டறைக்குள் விடவில்லை.

ஒரு மத்தியானம் உதைத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அத்தனை வழவழப்பான ஓட்டம். மெக்கானிக்குக் கர்வம் தாங்கவில்லை. அக்கா சமையலறையிலிருந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"இது அவர் வண்டி இல்லடா" என்றாள். குரலில் அவ்வளவு நிம்மதி. கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "பழசு ஏதாவது கழட்டிப் போட்டியா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கழிவு டப்பாவில் கிடந்தது, விக்கலுக்குக் காரணமான ஒடிந்த வால்வு ஸ்பிரிங். நல்ல மெக்கானிக் என்று பேர் வாங்கியவர், அடையாளத்தைத்தான் முதல் வேலையாகப் பழுதென்று தூக்கி எறிந்திருக்கிறார். சொல்லாமல் மறைத்துவிட்டால் அக்கா இன்னும் பல வருடம் நிம்மதியாகக் காத்திருப்பாள். ஆனால் அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஒடிந்ததையே எடுத்து மாட்டினார்.

வண்டி விக்கியது.

அக்கா ஈரக்கையோடு வெளியே வந்தாள். அழவில்லை. ஆளில்லாத முன் சீட்டைப் பார்த்து, "இதச் சரி பண்ணத்தானே போனீங்க? இன்னும் அப்படியே இருக்கு" என்றாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். ஒரு கை, முன்னால் ஒரு தோள் இருக்கவேண்டிய உயரத்தில் அந்தரத்தில் பற்றி நின்றது. வலதுபக்கக் கியர் தானாக விழுந்தது. தம்பி, "அக்கா, இறங்கு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

"அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கடா" என்றாள் அவள். தாழ் போடாத கேட்டை முன்சக்கரம் தள்ளித் திறந்தது.

பால் பொங்கி வழிந்தது. விடிந்து பார்த்தால் வண்டி மட்டும் பட்டறையில் நின்றது, இரண்டு சீட்டும் சூடாக. மனைவி அழுது தீர்த்தாள். விசாரிக்க வந்தவர்களிடம் மெக்கானிக், "மாமா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு" என்றார். இப்போதாவது வந்தாரே என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அவர்கள் காப்பி குடித்துப் போனார்கள்.

யாரும் எடுக்காமலே வண்டியின் டாங்க் குறையக் குறைய அவர் பெட்ரோல் ஊற்றுகிறார், ஆயில் மாற்றுகிறார். கழற்றிய புது ஸ்பிரிங் அலமாரியிலேயே இருக்கிறது. திருட்டு அதிகமாகிவிட்டது, கேட்டுக்குப் பூட்டு வாங்கலாம் என்று மனைவி சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. படுக்கப் போகுமுன் வாசல்வரை நடந்துபோய், தாழ் போடாமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.