சுத்தமான சத்தம்

“நாம எறங்கிட்டா அதுக்குக் கொஞ்சம் லேசா இருக்குமாப்பா?”

மேடேறத் திணறிக்கொண்டிருந்த ரயிலின் முதல் பெட்டியில், ஜன்னலோரம் நின்றபடி ஏழு வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி அது. கேட்டது 1986 ஆகஸ்டில். எம்லின் ப்ராசரின் காதில் அது விழுந்தது முப்பத்தேழு வருஷம் கழித்து, யார்க்‌ஷயரில் அவருடைய வீட்டு மாடியறையில், ஹெட்போன் வழியாக. மூன்று விநாடிகூட இருக்காது. நீராவி இன்ஜின் மூச்சுத் தள்ளும்போது விழுகிற அடிகளில், இருப்பதிலேயே நல்ல நான்கு அடிகளின் மேல் அந்தக் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது. ‘யார் பெத்த பிள்ளையோ’ என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்தார்.

வேலையில் அவர் அவ்வளவு சுத்தம். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் பிரிவில் இருந்தவர். ஊசி விழும் சத்தத்துக்கும் நூல் விழும் சத்தத்துக்கும் வித்தியாசம் சொல்லுவார் என்று கிளப்பில் பேச்சு. மெதடிஸ்ட் தேவாலயத்தின் பின்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானம் கூடுகிற அந்தக் குட்டி ரயில் கிளப்பில், உள்ளங்கை நீள இன்ஜின்களுக்குச் சத்தம் வைப்பது எம்லினின் வேலை. இன்ஜினுக்குப் பின்னால் கரி ஏற்றும் கரிவண்டியைத் திறந்து, கட்டைவிரல் நகம் அளவு ஸ்பீக்கரையும் ஒரு சிப்பையும் உள்ளே வைப்பார். மேடேறும் அடி, இறக்கத்தில் உருளும் கடகடப்பு, விசில், கரி அள்ளும் மண்வாரி இரும்பில் உரசும் ஒலி, நிற்கும்போது வருகிற சீறல் எல்லாம் தனித்தனித் துண்டுகளாக அதில் இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சரியாக நாலு அடி விழ வேண்டும். ஒன்று பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

உருவத்தை உண்மையாக்குவது ஸ்டான்லி ஆம்லர். பழைய பஸ் டிரைவர், வயது எழுபத்து நாலு. கடையிலிருந்து பளபளவென்று வரும் இன்ஜினை வாரக்கணக்கில் அழுக்காக்குவார். கொதிகலனின் மேல் சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்த வெள்ளைக் கோடு, ஏறும் படியில் மட்டும் தேய்ந்து மின்னும் இரும்பு, டிரைவர் நிற்குமிடத்தில் அரிசிமணி அளவுக்கு ஒரு டீ கேன். நிஜக் கரியை நுணுக்கி, இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக ஒட்டுவார். அவர் கண், இவர் காது. பன்னிரண்டு வருஷம் முன்பு வேல்ஸிலிருந்து மனைவியை இழந்து தனியாளாக வந்த எம்லினுக்கு அந்த ஊரில் முதல் டீ ஊற்றிக் கொடுத்ததும் ஸ்டான்லிதான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஆம்லர் வீட்டில் இஞ்சிக் கேக் என்பது வழக்கமாகிவிட்டது. ஸ்டான்லிக்கும் அவர் மனைவி எட்னாவுக்கும் குழந்தை இல்லை என்று எம்லின் நினைத்திருந்தார். இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில் ஸ்டான்லி ஒரு மிட்டாய் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய கேசட்.

“கறுப்பியோட சத்தம். நானே புடிச்சது.”

மலைப்பாதையில் கோடைக்குக் கோடை சுற்றுலா வண்டி இழுத்த பழைய சரக்கு இன்ஜினுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் கறுப்பி. அதன் கொதிகலன் விரிசல் விட்டுக் கொட்டகைக்குப் போய் முப்பது வருஷம் ஆகிவிட்டது. அதன் சத்தம் வேறு யாரிடமும் இல்லை. அதன் உள்ளங்கை நீளச் சின்ன உருவத்தை ஸ்டான்லி அப்போதுதான் செய்து முடித்திருந்தார்.

“பழைய டேப், ஸ்டான்லி. ஒரு தடவைதான் ஓடும். அதுக்கப்புறம் மேல்பூச்சு உரிஞ்சிடும். பரவால்லயா?”

“ஒரு தடவை போதும். இதுல இருக்கறத அப்படியே உள்ள வெச்சுடு.”

“அப்படியேன்னா?”

“அப்படியேதான்” என்று சொல்லிவிட்டு ஸ்டான்லி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார் போல, என்று எம்லின் எடுத்துக்கொண்டார். டேப் ஒரு தடவை ஓடியது. ஓடி முடிந்தபோது இயந்திரத்தில் பழுப்புத் தூள் படிந்திருந்தது, நாடா கண்ணாடி போல வெளுத்துப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் ஏறியதை மூன்று வாரம் உட்கார்ந்து துண்டு துண்டாக நறுக்கினார். ஒரு ஆளின் இருமல், ஃப்ளாஸ்க் மூடி திருகும் சத்தம், அந்தக் குழந்தையின் குரல் எல்லாவற்றையும் களைந்தார். சிப்பில் ஏற்றிய பிறகு, முழுப் பதிவையும் அழித்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சோதனைப் பதிவுகளை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஓய்வு பெற்ற பின்னும் கை அதை மறக்கவில்லை.

கிளப்பில் கறுப்பியை ஓடவிட்ட சனிக்கிழமை எல்லாரும் கூடிவிட்டார்கள். அடிவாரத்திலிருந்து மேட்டுக்கு நாலடி நீளப் பாதை, உச்சியில் ஒரு சின்ன ஸ்டேஷன். கறுப்பி முதல் அடியை எடுத்து வைத்ததும் பேச்சு நின்றது. முன்னாள் கசாப்புக்கடைக்காரர் பேரிதான் முதலில் வாயைத் திறந்தார்.

“டேய் வேல்ஸ்காரா! ஞாயித்துக்கெழமை நீ பாடறதவிட இது சுருதி சுத்தமா இருக்குடா. அடுத்த வாரம் பாட்டுக்குழுவுல இதை நிக்க வெச்சுட்டு, நீ போயி தண்டவாளத்துல நில்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்டான்லி மட்டும் குனிந்து, கரிவண்டியோடு காதை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். கறுப்பி உச்சிக்குப் போய் நின்றது, சீறியது.

“இன்னொரு தடவை ஓட்டு” என்றார்.

ஓட்டினார்கள். மூன்றாவது தடவையும் ஓட்டச் சொன்னார். மற்றவர்கள் டீக்கு நகர்ந்த பிறகு நிமிராமலே கேட்டார்: “அவ எங்க, எம்லின்?”

“யாரு?”

“மேட்டுல பேசுவாளே. நாம எறங்கிட்டா அதுக்கு லேசா இருக்குமான்னு.”

“அந்தக் கொழந்தை...”

“ஹீதர். எங்க பொண்ணு. அந்த டிசம்பர்ல போயிட்டா. மூளைக் காய்ச்சல். ரெண்டே நாள்.” கரிவண்டியைத் தொட்டபடி, “வெட்டினது எங்கயாச்சும் கெடக்குமா?” என்றார்.

ஸ்டான்லி எம்லினின் முகத்தையே பார்த்தார். அங்கே பதில் இருந்திருக்க வேண்டும். மெல்ல நிமிர்ந்து எம்லினின் முழங்கையைப் பிடித்தார்.

“நல்லா இருக்குப்பா. சத்தம் ரொம்ப சுத்தமா இருக்கு.”

அப்போதுதான் எம்லினின் கண்ணில் அது பட்டது. உச்சி ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கோடியில், மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு சிறுமி பொம்மை, அரை அங்குலம்கூட இல்லை. எந்த ஊர்க் கண்காட்சிக்குப் போனாலும் ஸ்டான்லி பெட்டியிலிருந்து முதலில் எடுத்து நிறுத்துவது அவளைத்தான். “அந்தப் பாப்பா எந்த வண்டிக்குத்தான் நிக்குது, ஸ்டான்லி? எத்தனை வருஷமா நிக்குது!” என்று பேரி கிண்டல் செய்வார். “அவளுக்கு அவசரம் இல்ல” என்பார் ஸ்டான்லி. அதைக் கேட்டு எம்லினும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறார்.

அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிற லீட்ஸ் நகரத்துக் கடைக்கு எம்லின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார். அதே இடத்தில் வேறு எதையெதையோ எழுதிவிட்டீர்கள், ஐயா, என்று கைவிரித்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்லர் வீட்டுக்குப் போகக் கால் கூசியது. போகாமலிருந்தால் இன்னும் மோசம் என்று போனார். எட்னா கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

“கேட்டீங்களா எம்லின், இவரு பண்ணின வேலையை? பழைய டேப்பை உங்ககிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவை போட்டுப் பாக்கறேன்னு மாட்டி, பாதியைச் சிக்க வெச்சுட்டாராம். நம்ம பொண்ணு குரல் இருந்த பாதி.”

எம்லின் ஸ்டான்லியைப் பார்த்தார். ஸ்டான்லி ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “கெழட்டுக் கை. என்ன பண்றது” என்றார்.

நான்தான், என்று ஒரு வார்த்தை. அது நாக்கின் நுனிவரை வந்தது. எட்னா தட்டை நீட்டினாள், எம்லின் வாங்கிக்கொண்டார். மற்ற நாட்களில் இரண்டு துண்டு சாப்பிடுகிறவர் அன்று அந்த ஒன்றையும் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டான்லி கறுப்பியை ஒரே ஒரு தடவை மேட்டில் ஏற்றுவார். உச்சியில் நிற்கவைத்துவிட்டுக் குனிந்து காது கொடுப்பார். அந்தச் சீறல் முடிகிறவரை இருந்துவிட்டு, நிமிர்ந்து, எம்லினைப் பார்த்துப் புன்னகைத்து, வண்டியைத் திரும்ப அடிவாரத்தில் கொண்டு நிறுத்திவிடுவார். அந்தப் புன்னகையை எம்லினால் தாங்க முடியவில்லை. இரவு ஜெபத்தில் வேறு எதையும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஆண்டவரே, உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாய் கொடும் என்று மட்டும் கேட்டார்.

அக்டோபரில், அறுவடை ஸ்தோத்திர ஆராதனை முடிந்த பிறகு, தேவாலயச் சமையலறையில் எட்னா கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். எம்லின் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். நாலு கப் துடைத்த பிறகு சொன்னார்.

“எட்னா, அந்த டேப்பை ஸ்டான்லி கெடுக்கல. நான்தான். கொழந்தை குரலை இரைச்சல்னு நெனச்சு வெட்டிப்போட்டேன். அன்னிக்கு உங்க எதிர்ல வாய மூடிட்டு உக்காந்திருந்தேன்.”

எட்னா குழாயை மூடவில்லை. “தெரியும்” என்றாள்.

“அவரு சொல்லிட்டாரா?”

“அவரா சொல்லுவாரு? அந்த மிட்டாய் டப்பாவைத் தொறக்கவே மாட்டாரு. முப்பத்தேழு வருஷத்துல ஒரு நாள் போட்டுக் கேட்டதில்ல. அப்படிப்பட்ட மனுஷன் மெஷின்ல மாட்டினாராம், சிக்கிக்கிச்சாம்! தனியா கேட்டா தாங்காது, நாலு பேரு நடுவுல, ஒரு வண்டிக்குள்ள இருந்து வந்தா தாங்கிக்கலாம்னு நெனச்சிருப்பாரு.” ஒரு கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரில் போட்டாள். “சொல்லிட்டீங்கல்ல, போதும். எனக்குத் தெரியும்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்காக அவரு ஒண்ணு செஞ்சாரு. அது அவருகிட்டயே இருக்கட்டும்.”

எம்லின் ஈரத்துணியால் ஈரக் கப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நானும் அன்னிக்கு வண்டில இருந்தேன்” என்றாள் எட்னா. “அவ கேட்டது பெருசில்ல எனக்கு. வண்டி மேல போயி நின்னுச்சு பாருங்க, அப்ப அதோட சேந்து இவளும் ஒரு பெருமூச்சு விட்டா. மொத்த ரயிலையும் இவளே இழுத்துட்டு வந்த மாதிரி. பெட்டியில எல்லாரும் சிரிச்சாங்க.” அடுத்த கப்பை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

எம்லின் அன்று மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போனார். முழுப் பதிவைத்தான் அழித்திருந்தார். நறுக்கிய துண்டுகளில் பயன்படாதவை கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் கிடந்தன. நிற்கும் சீறலுக்கு அன்று மூன்று துண்டு எடுத்திருந்தார். இரண்டை ஏற்றினார். மூன்றாவதின் பெயரோடு ‘குறை’ என்று தன் கையாலேயே சேர்த்திருந்தார். ஏன் அப்படி எழுதினோம் என்பது ஹெட்போனை மாட்டியதும் நினைவுக்கு வந்தது. நீராவியின் நீண்ட சீறல். அதன் கடைசியில், அதற்குள்ளிருந்தே கிளம்பியது போல இன்னொரு காற்று, சின்னது, ஈரமானது. ‘ஹூ...’ என்று இறங்கி, சிரிப்பாக மாறப்போகிற இடத்தில் அறுந்திருந்தது. அதோடு சேர்ந்து வெடித்த பெட்டியின் சிரிப்பை வேண்டாமென்று அவரே நறுக்கியிருந்தார்.

அவர் அதை ஒரு தடவை கேட்டார். இரண்டாவது தடவை அழுத்தப் போன விரலை எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கூடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்கு எண்ணெய் பார்க்கத் தன்னிடம் இருக்கும் சாவியால் பின்கூடத்தைத் திறந்தார். யாரும் இல்லை. கறுப்பி அடிவாரத்தில் நின்றிருந்தது. மடிக்கணினியை ஒயரால் இணைத்து, பழைய சீறலை எடுத்துவிட்டு, குறைத் துண்டை அந்த இடத்தில் ஏற்றினார். எதையும் தேய்க்கவில்லை, எதையும் வடிகட்டவில்லை. மேடேறி நிற்கும்போது மட்டும், ஒரே ஒரு தடவை அது வரும்படி அமைத்தார். வண்டியைத் தூக்கியபோது கரிவண்டியின் மேலிருந்து இரண்டு கரித்துணுக்கு உதிர்ந்தது. ஸ்டான்லியின் இடுக்கியைத் தேடியெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

எந்த வேலையையும் மூன்று தடவை ஓட்டிப் பார்க்காமல் அவர் கொடுத்ததில்லை. அன்று ஓட்டிப் பார்க்கவில்லை. இது முதலில் விழ வேண்டிய காது வேறு. அது நாளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, குனிந்து, காத்திருக்கும்.

கறுப்பியை அடிவாரத்தில், ஸ்டான்லி நிறுத்திவைத்திருந்த அதே தண்டவாளக் கட்டையில் நிறுத்தினார். அதன் கொதிகலனில் பதிந்திருந்த தன் விரல் ரேகையைச் சட்டைக் கையால் துடைத்தார். விளக்கை அணைத்தார். உயரத்து ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் பாதையின் மேல் சாய்வாக விழுந்திருந்தது. மேட்டின் உச்சியில், பிளாட்பாரத்தின் கோடியில், மஞ்சள் பூட்ஸ் போட்ட அந்தச் சிறுமி வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.