புளி போட்டுத் தேய்த்த தோட்டாக் கூடுகள்

துப்பாக்கி சுடுவதைவிட, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் திரும்ப வெடிமருந்து அடைத்து இன்னொரு தோட்டா செய்வதில்தான் ஜம்புநாதனுக்கு மோகம். டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் குடியேறி ஒரு வருஷம்; 1986 கோடை. ஆபீஸ் நண்பர்களோடு, துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்ப் போய், கடைசியில் கராஜில் ஒரு கைப்பிடி மெஷினையே பொருத்திவிட்டான்.

எல்லாம் கூட்டைப் பொறுக்குவதில் இருந்தது. பல தடவை சுட்ட கூடு அடிப்பக்கம் உள்ளுக்குள் மெலிந்துபோகும். வெளியே அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் விழும். அதை வைத்துச் சுட்டால் கூடு இரண்டாகப் பிய்ந்து, சுடுகிறவன் முகத்துக்கே நெருப்பு திரும்பலாம். வாரக்கணக்கில் ஒவ்வொன்றையும் ஜன்னலோரம் உருட்டிப் பார்த்து, நல்லதை ஒரு காபி டின்னிலும் வளையம் விழுந்ததை இன்னொன்றிலும் சேர்த்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை ஹூஸ்டனிலிருந்து மச்சினன் சந்தானம் வந்திருந்தான். நாளை ரேஞ்சில் அத்திம்பேர் செய்த முதல் தோட்டாவைத் தான்தான் சுடுவேன் என்று ஒரே பிடிவாதம்.

“ஏன்னா, இங்கே வந்து பாருங்கோளேன்!” என்று மனைவி மீனாக்ஷி கூப்பிட்டாள்.

சமையலறை மேடையில், துண்டின்மேல், அத்தனை கூடுகளும் பரப்பிக் கிடந்தன. ஒன்றுகூட மங்கலாக இல்லை.

“விளக்கு தேய்க்கறச்சே கரைச்ச புளி மீந்துபோச்சு. ரெண்டு டின்லயும் ஒரே கறுப்பு. ஒண்ணா ஊறவெச்சு நாரால தேய்ச்சுட்டேன். தங்கமா இல்லை?”

ஜம்புநாதன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். அடியிலிருந்து வாய்வரை ஒரே மினுமினுப்பு. இதில் வளையத்தை எங்கே தேடுவது?

“தப்பா பண்ணிட்டேனா?” அவள் குரல் இறங்கியது.

அவன் ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கூட்டுக்குள் விட்டு, மேலும் கீழும் இழுத்தான். உள்ளே பள்ளம் இருந்தால் நுனி தட்டும். தட்டியது போலிருந்தது. மறுபடி இழுத்தபோது தட்டவில்லை. அடுத்ததில் தட்டவில்லை, பிறகு தட்டியது. பழகாத கை. கம்பியின் நடுக்கமா, கூட்டின் பள்ளமா?

“என்ன அத்திம்பேரே, கூட்டுக்கு நாடி பிடிக்கறேளா?” சந்தானம் பின்னால் வந்து நின்று சிரித்தான். “எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. லோட் பண்ணுங்கோ, நான் பாத்துக்கறேன்.”

நிமிர்ந்தால் அவன் கண்கள்தான் தெரிந்தன. நாளை துப்பாக்கியின் பின்னால், கன்னத்தைப் பதித்து, ஒன்றை மூடி, ஒன்றைத் திறந்து.

ஜம்புநாதன் இழுப்பறையிலிருந்து ஒரு குறடு எடுத்தான். முதல் கூட்டின் வாயை, இனி மருந்து அடைக்க முடியாதபடி நசுக்கினான்.

“ஐயையோ, அது நல்லதா இருந்தா?” என்றான் சந்தானம்.

“இருக்கலாம்.” அடுத்ததை நசுக்கினான்.

“பயந்துட்டேளா?”

“ஆமாண்டா.”

மீனாக்ஷி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். எதுவும் பிளக்கவில்லை, எதுவும் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்லவற்றைத்தான் நசுக்குகிறோமோ என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொண்டது. இருந்தும் அவன் கை நிற்கவில்லை.