பிளக்கைப் பிடுங்கு

எங்கள் கம்பெனியின் ரூம் ஹீட்டர் இரண்டு வீடுகளில் தீப்பிடித்துவிட்டது. வாங்கியவர்கள் எல்லோருக்கும் இருட்டுவதற்குள் செல்போனில் செய்தி போக வேண்டும். எழுதுவது என் வேலை, திருத்துவது மேலாளர் வேலை. எந்த வாக்கியம் கையில் கிடைத்தாலும் தேய்த்துத் தேய்த்து வழுக்க வைத்துவிடுவார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் பாலிஷ்.

நான் எழுதியது: 'இந்த ஹீட்டர் தீப்பிடிக்கலாம். பயன்படுத்த வேண்டாம்.'

திரும்பி வந்தது: 'தங்கள் நலனில் கொண்ட அக்கறையின் காரணமாக, ஒருசில ஹீட்டர்களில் காணப்படும் வெப்ப மாறுபாடு குறித்துத் தர மேம்பாட்டு நடவடிக்கை மேற்கொள்ளப்படுகிறது.'

படிக்கிறவர் நல்ல கம்பெனி என்று மெச்சிக்கொண்டு ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி எழுதிக் கொடுத்தேன். 'தீ' மறுபடி காணாமல் போனது. 'வேண்டாம்' இருந்த இடத்தில் 'தவிர்ப்பது நல்லது' வந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இந்தக் குளிரில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் போடுவது ஹீட்டரைத்தான்.

பிரின்டர் பக்கம் போனபோது மாடிப்படியில் பாலிஷின் குரல் கேட்டது. மனைவியிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"அம்மா ரூம்ல ஹீட்டர் ஓடுதா? பிளக்கைப் பிடுங்கு! ஏன் எதுக்குன்னு அப்புறம் கேளு, முதல்ல பிடுங்கு!"

நான் என் இடத்துக்கு வந்து, இருந்ததையெல்லாம் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து நின்றார்.

"முடிஞ்சுதாம்மா? அனுப்பிடலாமா?"

"முடிஞ்சுது சார். உங்க வரியையே போட்டிருக்கேன்."

திரையைத் திருப்பினேன். 'பிளக்கைப் பிடுங்குங்கள். எங்கள் ஹீட்டர் தீப்பிடிக்கிறது.'

அவர் முகம் சிவந்தது. "ஒட்டுக் கேட்டியா?"

"காதுல விழுந்துது."

"இது வெளிய போனா கம்பெனி மானம் கப்பலேறிடும். உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். விளையாடுறியா?"

"காலையில எங்க அக்காவுக்கு நானும் இதைத்தான் சார் சொன்னேன். கைக்குழந்தை இருக்கிற வீடு. உங்க வீட்ல பிடுங்கியாச்சு, எங்க வீட்ல பிடுங்கியாச்சு. மத்தவங்களுக்கு மட்டும் எதுக்கு வழவழா கொழகொழா?"

சொல்லிவிட்டேனே தவிர, வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வேன் என்ற பயம்தான், வேறென்ன.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். போச்சு, 'அக்கறையின் காரணமாக' வரப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் வரிக்கு முன்னால் 'உடனே' என்று ஒரே ஒரு சொல் சேர்த்தார். அதன் கீழே அலுவலகத் தொலைபேசி எண். பிறகு என்னைப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்துக்கெல்லாம் போன் அடித்தது. அவரே ஸ்பீக்கரில் போட்டார். மூச்சு வாங்க ஒரு பெண் பேசினாள்.

"பிடுங்கிட்டேங்க. ஆனா பிளக் கையைச் சுட்டுடுச்சு, சுவத்துக்குள்ளேருந்து புகை வருது. பிள்ளைங்க உள்ள தூங்குதுங்க. என்ன செய்யட்டும்?"

பாலிஷ் எழுந்து நின்று போனை நோக்கிக் குனிந்தார்.

"பிள்ளைங்களைத் தூக்கிட்டு வெளிய வாங்க," என்றார். "இப்பவே."